அடைக்கலம் வைத்த கல்

(தசலட்சணப் பெருவிழாவில், உத்தம சத்தியத்திற்கு உரிய நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சத்தியத்தைப் பற்றிப் பேசும்படி அறக்கட்டளையினர் என்னைப் பணித்தபோது நான் தயங்கினேன். நான் ஆகமம் கற்ற பண்டிதன் அல்லன். செங்கற்பட்டில் என் தந்தையார் நடத்திய சிறு நகைக்கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியும் தராசு பிடித்தும் காலம் கழித்தவன். ஆதலால் எனக்குத் தெரிந்த ஒரு சிறு செயலைக் கொண்டே அறத்தைப் பேச எண்ணுகின்றேன். வேறோர் இடத்தில் வாங்கிய கல்லை ஒருவர் நம் கடைக்குக் கொண்டு வந்து, "இதை ஒரு மோதிரத்தில் பதித்துத் தாருங்கள்" என்று கொடுக்கின்றார். நாமும் வாங்கி வைக்கின்றோம். நாள்தோறும் நடைபெறும் செயல்தான். அதனுள் எத்தனை பொய்க்கு இடமிருக்கிறது, எத்தனை மெய்க்கு இடமிருக்கிறது என்பதே இன்றைய என் உரையின் பொருள்.

கடைக்காரர் தம்மிடமுள்ள கல்லைப் பதித்து விற்றால், பொன்னும் அவருடையது, கல்லும் அவருடையது. குறை நேர்ந்தால் இழப்பும் அவருடையது. வெளியில் வாங்கிய கல் அப்படியன்று. பொன் கடைக்காரருடையது, கல் வந்தவருடையது, உழைப்பு பட்டறையில் அமர்ந்திருக்கும் பத்தருடையது. மூவர் கை ஒரு பொருளின் மீது படுகிறது. கல்லை விற்ற நான்காமவர் எங்கோ தொலைவில் இருக்கிறார். கல்லைக் கொடுத்துவிட்டுச் செல்பவர் கையில் எஞ்சுவது ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. நம் நூல்கள் இத்தகைய பொருளை 'நியாசம்' என்று குறிக்கின்றன. தமிழில் அடைக்கலப் பொருள் என்போம்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களும் அவற்றுக்கு நேரக்கூடிய குற்றங்களும் கூறப்பெறுகின்றன. ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து அதிசாரங்கள். அவற்றுள் 'நியாசாபகாரம்', அதாவது அடைக்கலப் பொருளை அபகரித்தல், எந்த விரதத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கள்ளாமையின்கீழ் இருக்குமென்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அது வாய்மையின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்பதற்குப் பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி உரை வழி காட்டுகிறது. பொருளை வைத்தவர் தாம் எவ்வளவு வைத்தோம் என்பதை மறந்து, குறைத்துக் கேட்கிறார். வைத்திருப்பவர் "ஆம், அவ்வளவுதான்" என்று ஒப்புக்கொண்டு அதை மட்டும் கொடுக்கிறார். பூட்டு உடைக்கப்படவில்லை, சுவர் துளைக்கப்படவில்லை. 'ஆம்' என்ற ஒரு சொல்லே களவை முடித்துவிட்டது. அதனால்தான் அது பொய்யின் வகையிலே சேர்ந்தது.

கள்ளாமைக்குரிய ஐந்து அதிசாரங்களுள்ளும் இரண்டு நேரே நகைத்தொழிலைத் தொடுகின்றன. ஒன்று, அளவையும் நிறையையும் கூட்டியும் குறைத்தும் வழங்குதல். மற்றொன்று, உயர்ந்ததைப் போன்ற தாழ்ந்த பொருளை உயர்ந்ததென வழங்குதல். காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திராசாரியர் தம் நூலுக்கு இரத்தினகரண்டகம் என்றே பெயரிட்டார். அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த நூல் அருங்கலச்செப்பு. இரண்டு பெயரும் மணிகள் வைக்கும் பேழையையே குறிக்கின்றன. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைக் காக்கும் பேழை அது. அறத்தைச் சொல்ல வந்த ஆசிரியர்களுக்கு மணியும் பேழையும் உவமையாகத் தோன்றியது பொருத்தமே. மணியின் மதிப்பு மணியில் மட்டும் இல்லை. அதை வைத்துக் காக்கும் இடத்தையும் பொறுத்தது.

நம் கடற்கரைக்கு மணிகள் புதியவை அல்ல. கடல்மல்லை எனப்பட்ட மாமல்லபுரத்தில், நிதிக்குவைகளையும் யானைகளையும் நவமணிக் குவைகளையும் சுமந்து பாரத்தால் தாழ்ந்த கலங்கள் இயங்கியதைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் வடமலையின் மணியையும் பொன்னையும், தென்கடல் முத்தையும், கீழ்க்கடல் பவளத்தையும் காட்டுகிறது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் கல்மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்கள் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன. ஆக, ஓரிடத்தில் தோன்றி, மற்றோரிடத்தில் பட்டை தீட்டப்பெற்று, வேறோரிடத்தில் பொன்னிலே பொருந்துவதே மணியின் வழக்கம். வெளியூர்க் கல்லை உள்ளூர்ப் பத்தர் கையில் கொடுப்பது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

பொன்னை அடைக்கலமாக வைத்துக் காத்த வரலாறும் நம் மாவட்டத்திலேயே உண்டு. மதுராந்தகத்தை அடுத்த ஆனந்தமங்கலத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கல்வெட்டு முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டை, அதாவது 945ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வினபாசுர குரவடிகளின் மாணாக்கர் வர்த்தமானப் பெரியடிகள், ஜினகிரிப்பள்ளியில் நாள்தோறும் ஒருவருக்கு உணவளிக்க ஐந்து கழஞ்சு பொன் வைத்ததை அது கூறுகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யார் வைத்தார், எவ்வளவு வைத்தார், எதற்காக வைத்தார் என்னும் மூன்றும் கல்லிலே எழுதப்பட்டுவிட்டன. பொன்னைப் பெற்றுக்கொண்டவர்கள் நல்லவர்களாக இருந்திருப்பார்கள். ஆயினும் நல்லவர்களை நம்பி எழுதாமல் விட்டுவிடவில்லை. எழுதியதனால் அவர்கள் நன்மைக்கு இழுக்கு நேரவும் இல்லை. இந்த ஒரு பாடத்தை நான் ஐம்பது வயதை நெருங்கும்வரை கற்கவில்லை. கற்க நேர்ந்த வரலாற்றைத்தான் இன்று உங்கள்முன் வைக்க வந்தேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. மாமல்லபுரத்தைச் சேர்ந்த சிற்பி ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். அங்கே 1957இல் தொடங்கப்பெற்ற சிற்பக் கல்லூரியில் பயின்றவர். அயல்நாட்டுக் கோயில் திருப்பணிகளுக்குச் சென்று வருபவர். அப்படி ஒருமுறை திரும்பும் வழியில் பாங்காக்கில் ஒரு மாணிக்கம் வாங்கியிருந்தார். கெம்பு என்று கடைத்தெருவில் வழங்கும் சிவப்புக் கல். ஏறத்தாழ மூன்று காரட் எடை. மகள் திருமணத்திற்கு அதை மோதிரமாகச் செய்து அணிவிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். என் தந்தையார் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல நிறம், ஸ்தபதி ஐயா" என்றார். நான் சீட்டு எழுதினேன். அதில் எழுதியது இவ்வளவே: 'சிவப்புக் கல் 1.' எடையில்லை, அளவில்லை, வடிவமில்லை. முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் எழுதி வந்தேன்.

மோதிரம் முடிந்தது. எங்கள் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த பத்தர் அதை அழகாகச் செய்திருந்தார். ஒரு மாதம் கழித்து, விரலுக்கு இறுக்கமாக இருக்கிறதென்று திரும்ப வந்தது. வளையத்தை அறுத்து, சிறு துண்டு பொன் சேர்த்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். கல் அதிலேயே இருந்தது. "கெம்பு சூட்டுக்கு அஞ்சாது" என்பது பட்டறையில் தலைமுறையாக வழங்கும் அனுபவ வாக்கு. இயற்கையான மாணிக்கத்தைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மையும்கூட. பத்தர் வழக்கம்போல் ஊதினார். வழக்கம்போல் நீர் கலந்த திராவகத்தில் இட்டுக் கருமையை நீக்கினார். எடுத்துக் கழுவியபோது, கல்லின் முகத்தில் சிலந்தி வலை போல வெண்கோடுகள் படர்ந்திருந்தன. நிறம் மங்கியிருந்தது.

திருமணத்திற்கு ஒன்பது நாள்களே இருந்தன. சிற்பி வெளியூர்த் திருப்பணியில் இருந்தார். அவருடைய மனைவியும் மைத்துனரும் வந்தார்கள். அந்த அம்மையார் மோதிரத்தைப் பார்த்துக் கண் கலங்கினார், ஒன்றும் சொல்லவில்லை. மைத்துனர் கடையில் அமர்ந்திருந்த எல்லோரும் கேட்கும்படி, "நாங்கள் கொடுத்த கல் இது அன்று. கல்லை மாற்றிவிட்டீர்கள்" என்றார். என் தந்தையார் சீட்டை எடுத்துவரச் சொன்னார். எடுத்து வந்தேன். 'சிவப்புக் கல் 1' என்றிருந்தது. இதுவும் சிவப்புக் கல். அதுவும் சிவப்புக் கல். எங்கள் மெய்யை நிலைநாட்ட எங்களிடம் ஒரு சான்றும் இல்லை.

பத்தர் பட்டறையிலிருந்து எழுந்து வந்தார். தந்தையாரைப் பார்த்து, "நயினாரே, முப்பது ஆண்டுகள் உங்கள் பொன்னைக் கையாண்டிருக்கிறேன். ஒரு குன்றிமணி குறைந்ததுண்டா?" என்று கேட்டார். "இல்லை, பத்தரே. நீர் போய் வேலையைப் பாரும்" என்றார் தந்தையார். பத்தர் வேலையைப் பார்க்கவில்லை. ஊதுகுழலைத் துடைத்து வைத்துவிட்டு, அன்று பகலுணவும் கொள்ளாமல் வீட்டிற்குச் சென்றுவிட்டார்.

அன்றிரவு நிகழ்ந்ததைச் சற்றுப் பின்னர்க் கூறுகின்றேன். மறுநாள் சிற்பி ஊர் திரும்பி நேரே கடைக்கு வந்தார். கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. "கல்லை மோதிரத்திலிருந்து கழற்றிக் கொடுங்கள்" என்றார். பத்தரை அழைத்து வந்து கழற்றச் செய்தோம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி, கல்லின் முகத்தைப் பார்க்காமல் அடிப்பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் நோக்கினார். பிறகு சொன்னார்: "இது நான் வாங்கிய கல்தான். அடியில் ஒரு பட்டை மற்றவற்றைக் காட்டிலும் சிறுத்து ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. வெட்டியவனுடைய கை அந்த இடத்தில் தவறியிருக்கிறது. வாங்கும்போதே அதைக் கண்டேன். கல்வேலை செய்கிறவனுக்கு இன்னொருவன் கைத்தவறு மறக்காது."

உளியோசையைக் கேட்டே கல்லின் இயல்பை அறியும் மரபில் வந்தவர் அவர். அவருடைய கண்ணும் நேர்மையும் எங்களைக் காத்தன. அந்தக் கண் இல்லாத ஒருவர் கொடுத்த கல்லாக இருந்திருந்தால், பத்தர் தம் வாழ்நாள் முழுதும் திருடர் என்ற பெயரைச் சுமந்திருப்பார்.

பின்னர்ச் சென்னையில் ஒரு கற்பரிசோதனைக் கூடத்திற்குக் கல்லை அனுப்பினோம். உண்மை வெளிப்பட்டது. கல் மாணிக்கமே; ஆனால் வெடிப்புகள் நிறைந்த தாழ்ந்த மாணிக்கம். அந்த வெடிப்புகளில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பி, தெளிந்த கல்லாகத் தோன்றச் செய்திருந்தார்கள். 2004ஆம் ஆண்டையொட்டி இத்தகைய கற்கள் உலகச் சந்தையில் பெருகின. உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழிகளும், அசைக்கும்போது நீலநிற மின்னலும் தெரியும். மாணிக்கம் தாங்கும் சூட்டை அந்தக் கண்ணாடி தாங்காது. திராவகம் அதை அரித்துவிடும்; எலுமிச்சைச் சாறுகூட நாளடைவில் கெடுக்கும். விற்றவர் மறைத்தார், வாங்கியவருக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவில்லை. பத்தரின் பழைய அனுபவ வாக்கு, அது அறிந்திராத ஒரு புதுப் பொய்யின்முன் தோற்றது.

தந்தையார் பொன்னுக்கும் கூலிக்கும் பணம் பெற மறுத்தார். புதிய கல்லின் விலையையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். சிற்பி இணங்கவில்லை. "ஏமாந்தது நான், கேளாமல் விட்டது நீங்கள், ஆளுக்குப் பாதி" என்றார். அப்படியே முடிந்தது. திருமணமும் குறித்த நாளில் நடைபெற்றது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நான் சிலப்பதிகாரத்தைப் புதிய கண்களால் படித்தேன். கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியை வழித்துணையாகக் கொண்ட அந்தக் காப்பியத்தை நாம் நம்முடையதாகவே போற்றுகிறோம். அதில் மதுரை மணிவீதியைக் காட்டும் இளங்கோவடிகள், காகபாதம், களங்கம், விந்து, ஏகை என வயிரத்தின் குற்றங்கள் நான்கையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். மணி நூல் வல்ல வணிகர் நிறைந்த நகரம் அது. அத்தகைய நகரத்தில், கோவலன் சிலம்பு ஒன்றைப் பொற்கொல்லன் ஒருவனிடம் காட்டுகிறான். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். உடைத்துப் பார்த்தால் ஒரு கணத்தில் விளங்கியிருக்கும். மணியின் நுண்குற்றத்தை அறிந்த ஊரில், சிலம்பின் உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்க ஒருவரும் இல்லை. தீர்ப்பு முந்தியது, ஆராய்ச்சி பிந்தியது.

இன்னொன்றும் உண்டு. அதை நாம் அடிக்கடி பேசுவதில்லை. ஒரு பொற்கொல்லனின் வஞ்சகத்திற்காக, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்று அந்நூல் கூறுகிறது. ஒருவன் செய்தது களவு, உயிரிழந்தவர் ஆயிரவர். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் அந்த இடத்தை விரைந்து கடந்துவிடலாகாது. நகையில் குறை கண்டவுடன் கைவினைஞரை ஐயுறும் வழக்கம் அன்று தொடங்கியதன்று; இன்று முடிந்துவிட்டதும் அன்று.

ஆகவே, கல்லைக் கொடுப்போரும் பெறுவோரும் செய்ய வேண்டியவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலில் கொடுப்போருக்கு.

கல்லை வாங்கும் இடத்திலேயே, அது சூடு ஏற்றப்பட்டதா, எண்ணெய் ஊட்டப்பட்டதா, கண்ணாடி நிரப்பப்பட்டதா என்று கேட்டு, விடையை விலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மரகதத்திற்கு எண்ணெய் ஊட்டுவது நெடுங்கால வழக்கம். சொல்லி விற்றால் அது குற்றமன்று. விலை மிகுதியான கல்லென்றால் பரிசோதனைக் கூடத்தின் சான்று இருக்கட்டும். கடையில் கொடுக்கும்போது அந்தச் சீட்டையும் சான்றையும் காட்டுங்கள். கல்லைத் தனியே நிறுத்து எடையைக் காரட்டில் எழுதச் செய்யுங்கள். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறிக்கச் செய்யுங்கள். மேலும் கீழும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கைப்பேசி இல்லாதார் இல்லை. பதிக்கும்போது கல் உடைந்தால் இழப்பு யாருடையது, வேலை இந்தக் கடையிலேயே நடக்குமா, வேறு பட்டறைக்கு அனுப்பப்படுமா என்பவற்றைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். காரட் என்னும் ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். பொன்னுக்கு 22 காரட் என்றால் அது மாற்று. 24 பங்கில் 22 பங்கு தூய பொன் என்பது கருத்து. கல்லுக்கு 2 காரட் என்றால் அது எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம், ஐந்து காரட் ஒரு கிராம். முடிந்த நகையை நிறுக்கும்போது கல்லின் எடையைக் கழித்தே பொன்னுக்கு விலை போட வேண்டும். ஐந்து காரட் கல்லைக் கழிக்க மறந்தால், தம்முடைய கல்லுக்கே ஒருவர் ஒரு கிராம் பொன்னின் விலையைக் கொடுத்தவராகிறார். நகையிலுள்ள ஹால்மார்க் முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்பனைக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஆறு இலக்க அடையாள எண்ணும் பொன்னின் மாற்றுக்கே உறுதி, கல்லுக்கு அன்று.

கல்லின் இயல்புக்கேற்ற பதிப்பைக் கேளுங்கள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வயிரம் 10, மாணிக்கமும் நீலமும் 9. மரகதம் எட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் உள்வெடிப்புகள் உள்ளதால் எளிதில் உடையும். ஆகவே அதன் விளிம்பைப் பொன்னால் சுற்றி அணைத்துப் பதிப்பது நல்லது. முத்தும் பவளமும் மென்மையானவை. தீயும் அமிலமும் அவற்றுக்கு ஆகா. மிகக் கடினமான வயிரமும்கூட, ஒரு குறிப்பிட்ட திசையில் அடி விழுந்தால் பிளந்துவிடும். கடினம் வேறு, உறுதி வேறு. எந்தக் கல்லானாலும், பின்னாளில் மோதிரத்தைப் பெரிதாக்கவோ பழுது பார்க்கவோ கொடுத்தால், இன்ன கல், இன்ன பக்குவம் செய்யப்பட்டது என்று புதிய பத்தருக்குச் சொல்லுங்கள். கல்லைக் கழற்றிய பின்னரே தீயில் காட்டச் சொல்லுங்கள். எங்கள் கடையில் அந்த ஒரு சொல் சொல்லப்பட்டிருந்தால் அந்தக் கல் பிழைத்திருக்கும்.

இனிப் பெறுவோருக்கு, அதாவது என் தொழிலைச் செய்வோருக்கு. வெளியில் வாங்கிய கல் வந்தவுடன் அதை இகழ்ந்து பேசித் தம் கல்லை விற்க முயல்வது நம் கடைகளில் காணப்படும் ஒரு பொய். ஐயமிருந்தும் கூலிக்காக வாய் திறவாதிருப்பது இன்னொரு பொய். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவது மூன்றாவது. "எனக்குத் தெரியவில்லை, பரிசோதித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லும் கடைக்காரர் ஒரு நாள் வணிகத்தை இழப்பார், பத்தாண்டு வாடிக்கையைப் பெறுவார்.

உண்மையையும் சொல்லும் முறையறிந்து சொல்ல வேண்டும். பிறர்க்குக் கேடு விளைக்கும் மெய்யைக்கூடச் சொல்லலாகாது என்பது சமந்தபத்திரர் காட்டும் நெறி. சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு மூதாட்டி ஒருமுறை நீலக்கல் ஒன்றைக் கொண்டு வந்தார். மறைந்த கணவர் இளமையில் ரங்கூனிலிருந்து வாங்கி வந்ததாம். அதைப் பொன் மோதிரத்தில் பதித்துப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்றார். தந்தையார் பார்த்தவுடன் அது கண்ணாடி என்று அறிந்தார். சொல்லாமல் பொன்னைச் செலவழிக்க வைப்பது பொய். கூட்டத்தில் சொல்வது கொடுமை. கடையில் மற்றவர் அகலும்வரை காத்திருந்து, "அம்மா, இது விலைமதிப்புள்ள நீலமில்லை. ஆனால் ஐயாவின் கை பட்ட கல். வெள்ளியில் அழகாகப் பதித்துத் தருகிறேன். பேத்திக்கு இதன் கதையையும் சொல்லிக் கொடுங்கள்" என்றார். அந்த மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்து, பின் சிரித்து, "அவருக்கும் தெரிந்திருக்காது, பாவம்" என்றார்.

மணித்தொழிலில் இருந்தவாறே அறத்தில் உயர்ந்தோர் நம் மரபில் உண்டு. அலாவுதீன் கில்ஜியின் அரசில் பணிபுரிந்த தக்குர பேரு என்னும் ஜைனர் 1315இல் இரத்தினப் பரீட்சை நூல் ஒன்றை எழுதினார். மும்பையில் மணி வணிகம் செய்த ஸ்ரீமத் ராஜசந்திரரை 1891இல் சந்தித்த காந்தியடிகள், முத்தும் வயிரமும் நோக்குவதில் அவர் வல்லவர் என்றும், வணிகப் பேச்சு முடிந்தவுடன் அவர் கை சமய நூலையோ நாட்குறிப்பையோ நாடும் என்றும் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். கணக்குப் புத்தகமும் அறநூலும் ஒரே மேசையில் இருக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

எங்கள் கடையிலும் அந்நிகழ்ச்சிக்குப் பின் ஒரு புதிய புத்தகம் வந்தது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம். எடை, அளவு, மேலும் கீழும் கோட்டுப் படம், காணப்படும் குறைகள், கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து, பத்தர் கையெழுத்து. தந்தையார் அதன் முதற்பக்கத்தில் 'அடைக்கலம்' என்று எழுதினார். அந்தப் பக்கம் எழுதப்படாத எந்தக் கல்லையும் பத்தர் அதன் பின் தொட்டதில்லை.

இறுதியாக, நான் சொல்லாமல் நிறுத்திய அந்த இரவு. தந்தையார் பத்தரை ஒரு கணமும் ஐயுறவில்லை. நான் ஐயுற்றேன். எல்லோரும் சென்ற பின், பட்டறை விளக்கை ஏற்றி, பத்தருடைய கைப்பெட்டியைத் திறந்தேன். அரம், குறடு, வெங்காரப் பொட்டலம், பேரனுக்காக வாங்கி வைத்திருந்த இரண்டு மிட்டாய்கள். வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து மூடினேன். மறுநாள் காலை அவர் பெட்டியைத் திறந்தபோது சற்று நேரம் உள்ளே நோக்கினார். பிறகு என்னை நோக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பேன்.

முப்பது ஆண்டுகள் அவர் எங்களிடம் அடைக்கலமாக வைத்திருந்தது தம் நற்பெயரை. அதற்கு எடை எழுதிய சீட்டு எதுவும் இல்லை. ஓரிரவில் நான் அதைக் குறைத்து எண்ணினேன். நியாசாபகாரம் வாய்மைக்குரிய குற்றமென்று நூல் சொல்வதன் பொருள் எனக்கு அங்கே விளங்கியது. பத்தர் மறைந்து ஆறாண்டுகள் ஆகின்றன. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இவ்விழா நிறைவுற்று க்ஷமாவாணி நாளில் நாம் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகின்றோம். அதற்கு முன்னர் அவர் மகனது இல்லத்திற்குச் சென்று இதைச் சொல்லக் கருதியுள்ளேன். அவையோர் அறியச் சொல்லிவிட்டதனால், இனிச் சொல்லாமல் இருக்க இயலாது.

பிறர் பொருளைக் கையில் வாங்கும்போது எழுதிக்கொள்வோம். பிறர் பெயரைப் பற்றிப் பேசும்போது ஆராய்ந்து பேசுவோம்.